கொரியாவுக்கு ஆங்கில ஆசிரியராக வருகிறீர்களா? முதல் ஆறு மாதத்துக்கான வழிகாட்டி

கொரியாவில் மூன்று வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு, வாஷிங் மெஷின் பழுதானால் இன்னும் சக ஆசிரியருக்கு மெசேஜ் அனுப்பிக் காத்திருப்பவர்கள் நிறைய உண்டு. வந்த ஆறாவது மாதமே கேஸ் கம்பெனிக்குத் தானே போன் போட்டுப் பேசுகிறவர்களும் உண்டு. இதில் கெட்டிக்காரத்தனத்துக்குப் பங்கு குறைவு. ஆங்கில ஆசிரியருக்கு இந்த ஊர் செய்து தரும் வசதிதான் காரணம். உங்களுக்குச் சம்பளமே ஆங்கிலம் பேசத்தான். வகுப்பில் நீங்கள் கொரியன் பேசுவதைச் சில பள்ளிகள் விரும்பவும் மாட்டா. வீடு பார்க்க, வங்கிக்குப் போக, டாக்டரைப் பார்க்க யாராவது கூடவே வருவார்கள். ஒரு வார்த்தை கொரியன் இல்லாமல் காலம் ஓடிவிடும்.

அதனால் குடியேறும் வேலைகளையும் மொழி படிப்பதையும் இங்கே பிரிக்காமல் எழுதுகிறேன். எந்த வேலைக்குப் போகிறீர்களோ, அதற்கு வேண்டிய நாலு வாக்கியத்தை முந்தின இரவு படித்துக்கொண்டு போங்கள். துணைக்கு ஆள் வரட்டும், ஆனால் முதல் வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

யார் வரலாம், எதைக் கொண்டுவர வேண்டும்

ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கு உரியது இ-2 விசா. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் பொதுவாக இது கிடைக்கும். எவ்வளவு அழகான ஆங்கிலம் பேசினாலும் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு இந்தக் கதவு திறக்காது. இந்தியர்களுக்கு, 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தின்படி, ஆங்கில ஆசிரியப் பயிற்சித் தகுதி இருந்தால் பள்ளியில் துணை ஆசிரியராக வரும் வழி ஏட்டில் இருக்கிறது. நடைமுறையில் இடம் கிடைப்பது அரிது. எனவே டொரன்டோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ படித்து வளர்ந்த நம் பிள்ளைகளை மனதில் வைத்தே மேலே எழுதுகிறேன்.

இளங்கலைப் பட்டச் சான்றிதழும், நாடு முழுவதற்குமான காவல்துறைச் சான்றும் வேண்டும். இரண்டுக்கும் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காகப் பெறும் சான்று, கட்டாயம். காவல்துறைச் சான்று ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, ஆகவே அதைக் கடைசியில் எடுங்கள். கனடாவில் இருப்பவர்கள் ஒன்று கவனிக்கவும். 2024 ஜனவரி 11 முதல்தான் கனடாவில் அப்போஸ்டில் நடைமுறை இருக்கிறது. அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகள் கொரியத் தூதரகத்துக்கு அலையச் சொல்லும், அவற்றை விட்டுவிடுங்கள்.

வேலைக்கு இரண்டு பெரிய வழிகள். அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் இபிக் என்ற திட்டம் 1995 முதல் நடக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரி கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் ஆட்களை இறக்குவார்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை, வாரத்துக்கு 22 வகுப்பு, கூடவே ஒரு கொரிய ஆசிரியர். இன்னொரு வழி ஹாக்வொன் எனப்படும் தனியார் டியூஷன் மையங்கள். இவை வருஷம் முழுக்க ஆள் எடுக்கும். சிறுவர் பள்ளி நடத்தும் ஹாக்வொன் என்றால் காலை வேலை. மற்றவை மதியம் தொடங்கி இரவு வரை. மொழி படிக்க நினைப்பவர்கள் இந்த நேரக் கணக்கை முதலிலேயே பார்க்க வேண்டும், ஏனென்றால் கொரியன் வகுப்புகள் பல மாலையில்தான் நடக்கும்.

விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பார்கள். வெள்ளைத் தோலைத் தேடும் ஹாக்வொன்கள் இருக்கின்றன, மறைப்பதில் பயனில்லை. பதிலே வராத விண்ணப்பங்கள் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இபிக் வழியில் தகுதியும் நேர்காணலும் தெளிவான முறைப்படி நடப்பதால், முதல் முறை வருகிறவர்களுக்கு அதையே சொல்வேன்.

ஒப்பந்தத்தில் எங்கே விரல் வைக்க வேண்டும்

இ-2 விசா உங்களை வேலைக்கு எடுத்தவரோடு கட்டிப்போட்டது. இடையில் வேறு இடம் மாறப் பெரும்பாலும் அவருடைய விடுவிப்புக் கடிதம் வேண்டும். ஆகவே கையெழுத்துக்கு முன் பார்ப்பதுதான் பார்ப்பது.

முதலில் தேட வேண்டியது ‘சாதே பொஹொம்’. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையிழப்புக் காப்பீடு, தொழில் விபத்துக் காப்பீடு ஆகிய நான்குக்கும் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. ஓய்வூதியத்திலும் மருத்துவத்திலும் பாதியை முதலாளி கட்ட வேண்டும். அந்தப் பாதியை மிச்சம் பிடிக்க, சில ஹாக்வொன்கள் உங்களைச் சுயதொழில் செய்பவராகக் காட்டிச் சம்பளத்தில் 3.3 சதவீதம் மட்டும் வரி பிடிப்பார்கள். “கையில் கூடப் பணம் வருமே” என்று சொல்லித்தான் இதை விற்பார்கள். அந்த 3.3 என்ற எண் ஒப்பந்தத்தில் இருந்தால் வேறு வேலை தேடுங்கள். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாக் குடிமக்களுக்கு, நாடு திரும்பும்போது ஓய்வூதியப் பணம் முதலாளி கட்டிய பாதியோடு மொத்தமாகத் திரும்பக் கிடைக்கும். அதை ஏன் விடவேண்டும்?

அடுத்தது ‘தேஜிக்கும்’, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் தொகை. ஒரு வருஷம் முழுசாக வேலை செய்தால் சுமார் ஒரு மாதச் சம்பளம் தனியாகத் தர வேண்டும் என்பது சட்டம். இதைத் தவிர்க்க 11ஆம் மாதத்தில் ஏதோ காரணம் சொல்லி வெளியேற்றும் இடங்களும் உண்டு. அதே ஹாக்வொனில் இப்போது வேலை பார்க்கும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரோடு தனியாகப் பேசக் கேளுங்கள். முன்னால் இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார் என்று விசாரியுங்கள். பேச விடத் தயங்கினால் அதுவே பதில்.

சம்பளம் தொடக்கத்தில் மாதம் சுமார் 21 முதல் 26 லட்சம் வொன் வரை இருக்கும், வீடு தனி. கொரியர்கள் பணத்தைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவார்கள், அதற்கு ‘மன்’ என்று பெயர். மில்லியனில் யோசிக்கிறவர்கள் இதில் தடுமாறுவார்கள். நமக்குப் பத்து மன் ஒரு லட்சம், ஆயிரம் மன் ஒரு கோடி, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. இ-2 விசாவில் வீட்டு டியூஷன் எடுப்பது சட்டவிரோதம். பக்கத்து வீட்டு அம்மா அன்பாகக் கேட்பார், நல்ல காசும் தருவார். மாட்டினால் அபராதம், நாட்டைவிட்டு அனுப்புவதும் உண்டு.

பெட்டியில் என்ன

குளிருக்குத் தடிமனான கோட்டு இங்கேயே வாங்கலாம். பெரிய அளவுக் காலணி மட்டும் கிடைப்பது சிரமம். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி, பெருங்காயம் கொண்டுவாருங்கள். இறைச்சி சேர்ந்த எதுவும், பச்சைக் கறிவேப்பிலையும், பழங்களும் விமான நிலையத்துத் தடுப்புச் சோதனையில் நிற்கும்.

கசகசா வேண்டாம். வந்ததும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் போதைப்பொருள் சோதனையும் ஒன்று, அதில் அபினி வகையும் பார்ப்பார்கள். கசகசா சாப்பிட்டவரின் சிறுநீரில் அது தென்படக்கூடும். புறப்படும் முன் வீட்டில் வைக்கும் விருந்துக் குருமாவில் கசகசா அரைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மாவிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். மருந்துச்சீட்டு உள்ள மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாகக் கவனக்குறைபாட்டுக்கு எடுப்பவர்கள், அது கொரியாவில் அனுமதிக்கப்பட்டதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் சம்பளம் வரும்வரை கையில் பணம் வேண்டும். குறைந்தது பத்துப் பன்னிரண்டு லட்சம் வொன்னுக்கு ஈடாக வைத்திருந்தால் நிம்மதி.

முதல் வாரம்

விமான நிலையத்திலேயே ஒரு பிரீபெய்ட் சிம், பஸ், ரயில் கட்டணத்துக்கு ஒரு டி-மணி கார்டு. டி-மணி கார்டைக் கடைகளில் வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். இறங்கும்போது தட்டாவிட்டால் பஸ் மாறும் சலுகை போய்விடும்.

போனில் மெசேஜுக்குக் காக்காவ்டாக், வழி பார்க்க நேவர் மேப், மொழிபெயர்க்கப் பாப்பகோ மூன்றும் ஏற்றிக்கொள்ளுங்கள். வழி பார்க்கக் கூகுள் மேப்பை நம்பி வருகிறவர்கள் இரண்டாம் நாளே நேவருக்கு மாறிவிடுவார்கள். பள்ளித் தகவல், வீட்டுக்காரர், பார்சல்காரர் எல்லாம் காக்காவில்தான்.

இந்த வாரத்துக்கான கொரியன் கொஞ்சம்தான். கடையில் சுட்டிக்காட்டி ‘இகொ ஜுசெயோ’ என்றால் ‘இது கொடுங்கள்’. யாராவது வேகமாகப் பேசினால் ‘சொன்சொனி மல்ஹே ஜுசெயோ’, மெதுவாகப் பேசுங்கள். தயங்காமல் இதைத் தினமும் பயன்படுத்துங்கள். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே மெதுவாகச் சொல்வார்கள். சிலர் அதே வேகத்தில் சத்தமாகச் சொல்வார்கள், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

அடையாள அட்டை, வங்கி, போன்: பெயர்தான் பிரச்சினை

வந்த 90 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிந்து வெளிநாட்டவர் அடையாள அட்டை வாங்க வேண்டும். ஹைகொரியா தளத்தில் நேரம் முன்பதிவு செய்துதான் போக முடியும். பெருநகரங்களில் வாரக்கணக்கில் இடம் இருக்காது என்பதால் வந்த அன்றே பதிவைப் போட்டுவிடுங்கள். அட்டை கைக்கு வரச் சில வாரம் ஆகும். அது வரும்வரை முழு வசதியுள்ள வங்கிக் கணக்கும் மாதத் திட்டப் போனும் கிடைப்பது கடினம்.

நம் பெயர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. கொரியர்களின் பெயர் பெரும்பாலும் மூன்று எழுத்து, அவர்களுடைய கணினிப் படிவங்களும் அதற்கேற்பத்தான். தந்தை பெயரையும் சேர்த்து முப்பது ஆங்கில எழுத்து வரும் சிவசுப்பிரமணியம் மகன் பாலகிருஷ்ணனை அந்தப் படிவம் பாதியில் வெட்டும். கொரியாவில் ஆன்லைனில் எதை வாங்கினாலும் போன் வழியாக அடையாளச் சோதனை நடக்கும். அட்டையில், வங்கியில், போன் கம்பெனியில் உள்ள பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட ஒன்றாக இருந்தால்தான் அது தேறும். வங்கியில் முன்பெயர் முதலில், போன் கம்பெனியில் குடும்பப்பெயர் முதலில் என்று இருந்தால் சின்னக் கட்டணம் கட்டக்கூட முடியாமல் நிற்பீர்கள்.

இதற்கு ஒரே வழி, அட்டை வந்த பிறகே போனும் வங்கியும். மூன்று இடத்திலும் அட்டையை நீட்டி, ‘யொகி இருமிராங் த்தொக்காச்சி ஹே ஜுசெயோ’ என்று சொல்லுங்கள், இங்கே உள்ள பெயர் போலவே போடுங்கள் என்று பொருள். எழுதியதைத் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டித்தான் போட முடியும் என்றால், மூன்றிலும் ஒரே இடத்தில் வெட்டும்படி கேளுங்கள். வங்கியில் கணக்குத் திறக்க ‘கேஜ்வா மந்துல்கோ ஷிபொயோ’. புதுக் கணக்குக்கு ஒருநாள் பணமாற்ற வரம்பு குறைவாக வைப்பார்கள். வேலை ஒப்பந்தமும் சம்பளம் வந்த சான்றும் காட்டினால் பிறகு உயர்த்துவார்கள்.

போனுக்கு, எஸ்கேடி, கேடி, எல்ஜி யூபிளஸ் என்ற மூன்று பெரிய கம்பெனிகளின் வலையமைப்பையே குறைந்த விலையில் விற்கும் ‘அல்துல்போன்’ கம்பெனிகள் உண்டு. அவையே போதும்.

வீடு, சூடு, குப்பை

பள்ளியோ ஹாக்வொனோ தரும் வீடு பெரும்பாலும் ‘ஒன்-ரூம்’. ஒரே அறையில் கட்டில், அடுப்பு, வாஷிங் மெஷின் எல்லாம். உள்ளே போனதும் சுவர், தரை, கருகிய இடம், பூஞ்சை எல்லாவற்றையும் வீடியோ எடுத்துச் சகாவுக்குக் காக்காவில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவு இருக்கும்.

வீட்டுக்குப் பதில் படியாகப் பணம் வாங்கினால் நீங்களே தேட வேண்டும். ‘வொல்சே’ என்பது மாத வாடகை, கூடவே ‘பொஜுங்கும்’ என்ற அட்வான்ஸ். அது ஐம்பது லட்சம், ஒரு கோடி வொன் என்று போகும். பெரிய தொகையைக் கொடுத்து மாத வாடகையே இல்லாமல் இருக்கும் ‘ஜொன்சே’ முறையில் சமீப வருஷங்களில் மோசடிகள் பெரிய செய்தியாயின, முதல் வருஷத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம். எதுவானாலும் வீடு மாறிய இரண்டு வாரத்துக்குள் புது முகவரியைப் பதிந்துவிடுங்கள். சட்டப்படி கட்டாயம், அட்வான்ஸுக்குப் பாதுகாப்பும் அதுதான்.

சுவரில் இருக்கும் சின்னப் பெட்டி ‘பொயில்லொ’. தரைக்கு அடியில் சுடுநீர் ஓடி அறை சூடாகும். பொத்தான்களில் ‘நன்பாங்’ என்றால் தரைச்சூடு, ‘ஒன்சு’ என்றால் குழாய்ச் சுடுநீர், ‘வேச்சுல்’ என்றால் வெளியே போயிருக்கிறேன். ஜனவரியில் வெளியூர் போகும்போது முழுக்க அணைத்துவிட்டுப் போனால் குழாய் உறைந்து வெடிக்கலாம், வேச்சுலில் வைத்துவிட்டுப் போங்கள். ஜூன் கடைசியில் மழைக்காலம் தொடங்கியதும் கதை தலைகீழ். சுவரெல்லாம் ஈரம், அலமாரியில் பூஞ்சை. அப்போதும் கொஞ்ச நேரம் தரைச்சூடு போட்டு ஈரத்தை விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

குப்பை தனிப் பாடம். 1995 முதல் நாடு முழுவதும் காசு கொடுத்து வாங்கும் குப்பைப் பைதான், பெயர் ‘ஜொங்நியாங்ஜே பொங்து’. உங்கள் வட்டாரத்தின் பெயர் அச்சிட்டிருக்கும், பக்கத்துக் கடையில் கேட்டால் தருவார்கள். உணவுக்கழிவு ‘உம்ஷிக்முல்’, அதற்கு வேறு பையோ அட்டை தட்டித் திறக்கும் தொட்டியோ இருக்கும். முட்டை ஓடு, எலும்பு, வெங்காயத் தோல் போன்றவை அதில் சேராது, பொதுக் குப்பைக்குப் போகும். எந்த நாள் எந்த இடத்தில் வைப்பது என்பதைக் கீழ்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். பதிலில் பாதி புரியாது, ஆனால் அன்றிலிருந்து ஒரு பேச்சுத்துணை கிடைத்துவிடும். இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவரை கொரியன் பேசப் பழகச் சிறந்த ஆட்கள் பாட்டிகள்தான். அவர்களுக்கு நேரம் இருக்கிறது, ஆங்கிலம் தெரியாது.

மொழி: ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்

ஹங்குல் எழுத்தை விமானம் ஏறும் முன்பே படித்துவிடுங்கள். சேஜொங் மன்னர் 1446இல் வெளியிட்டது. அடிப்படை எழுத்து 24, அதில் மெய் 14, உயிர் 10. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாக நிற்கும், உயிர்மெய் பழகிய கண்ணுக்கு இது ஒரு வார இறுதி வேலை.

உச்சரிப்பில் ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாகக் குழப்பும் இடம் ஒன்று உண்டு. ஒரே எழுத்து ஒரு இடத்தில் ஒருவிதமாகவும் இன்னொரு இடத்தில் வேறுவிதமாகவும் ஒலிக்குமாம். நமக்கு இதில் என்ன அதிசயம்? ‘கல்’லில் வரும் க வேறு, ‘தங்க’த்தில் வரும் க வேறு, எழுத்து ஒன்றுதானே. கொரியனில் இறைச்சிக்குக் ‘கோகி’ என்பார்கள். முதல் எழுத்து கல்லின் க போல, இரண்டாவது தங்கத்தின் க போல. த, ப, ச வரிசைகளிலும் இப்படியே. அழுத்தி ஒலிக்கும் இன்னொரு வரிசை, ‘பக்கம்’ என்பதன் க்க போல. நாம் உழைக்க வேண்டியது மூன்றாவது வரிசையில், மூச்சு வெடித்து வரும் ஒலிகளில். வாய்க்கு முன் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பழகுங்கள், தாள் ஆட வேண்டும். இந்தி தெரிந்தவர்களுக்கு அதுவும் எளிது.

உயிர்களில் ஒன்று ஆங்கிலேயர்களைப் படாதபாடு படுத்தும். உதட்டைக் குவிக்காமல் சொல்லும் உகரம் அது. ‘காசு’, ‘பாட்டு’ என்று சாதாரணமாகப் பேசும்போது கடைசியில் வருகிறதே, அந்தக் குற்றியலுகரம்தான். பள்ளியில் இலக்கண வகுப்பில் தூங்கியவர்களுக்குக்கூட வாயில் இருக்கிறது.

இலக்கணம் இன்னும் சௌகரியம். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘ஹக்க்யோ-எ காயோ’ என்றால் பள்ளி-க்குப் போகிறேன், சொல்லுக்குச் சொல் அதே வரிசை. எனக்குப் பெரிய உதவியாக இருந்தவை துணைவினைகள். ‘மொகொ போசெயோ’ என்றால் சாப்பிட்டுப் பாருங்கள், அந்தப் ‘போ’ நம் ‘பார்’ போலவே கண்ணால் பார்ப்பதற்கும் முயன்று பார்ப்பதற்கும் வரும். ‘ஹே ஜுசெயோ’ செய்து கொடுங்கள். ‘கிதாரிகோ இஸ்ஸொயோ’ காத்துக்கொண்டு இருக்கிறேன். ‘மொகொ பொரியொஸ்ஸொயோ’ சாப்பிட்டுவிட்டேன், அந்த ‘விட்டேன்’ உட்பட. ‘ஒஜே பொன் யொங்ஹ்வா’ நேற்றுப் பார்த்த படம், பெயரெச்சமும் நம்மைப்போல் முன்னால்தான். ‘பிகா ஒந்தாகோ ஹெஸ்ஸொயோ’ மழை வருகிறது என்று சொன்னார், அந்த ‘என்று’ கூட அதே இடத்தில். ஆங்கிலவழிப் பாடநூலில் ஒரு அத்தியாயம் பிடிக்கும் விஷயத்தை, தமிழில் யோசித்தால் ஒரு தேநீர் நேரத்தில் முடிக்கலாம். ஆகவே சொல்லட்டை எழுதும்போது மறுபக்கம் தமிழில் எழுதுங்கள். வீட்டில் பேசும் தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

இதை வைத்து இரண்டும் ஒரே தாய்ப்பிள்ளைகள் என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம், ‘அப்பா’ என்ற சொல் அங்கும் இருக்கிறது என்று தொடங்குவார்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905 வாக்கிலேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, படிக்கச் சுலபமாக இருக்கிறது, அது போதும்.

எண்களில் மட்டும் இரட்டை வேலை. விலைக்கு ‘இல், இ, சம்’ என்று சீன வழி எண், பொருளை எண்ண ‘ஹனா, துல், செத்’ என்று சொந்த எண். மணி சொல்லும்போது மணிக்குச் சொந்த எண்ணும் நிமிஷத்துக்குச் சீன வழி எண்ணும் வரும். அடிக்கடி ரசீதைச் சத்தமாக வாசித்துப் பழகினால் வந்துவிடும்.

மரியாதைப் படிகளில்தான் கவனம். வாக்கியம் ‘யோ’வில் முடிந்தால் மரியாதை, அதை விட்டுவிட்டால் நீ-வா-போ. பிள்ளைகள் தங்களுக்குள் நீ-வா-போதான் பேசுவார்கள். வகுப்பில் கேட்டே மொழியைப் பிடித்த ஆசிரியர்கள் அதையே தலைமையாசிரியரிடம் பேசி அறையையே உறைய வைப்பதுண்டு. முதல் ஆறு மாதம் எல்லோரிடமும், குழந்தைகளிடமும், ‘யோ’ போட்டே பேசுங்கள்.

பள்ளிக்குள்

கொரியப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் பாடம். தொடக்கப்பள்ளியில் ஒரு வகுப்பு 40 நிமிஷம், நடுநிலையில் 45, மேல்நிலையில் 50. உள்ளே போக வேறு செருப்பு வேண்டும், முதல் நாளே ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். யாருக்காவது எதையாவது கொடுத்தால் இரண்டு கையாலும் கொடுங்கள்.

ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘சொன்செங்நிம்’ என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கித்தான் பலர் உங்களைத் தவிர்ப்பார்கள், கர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் தப்பும் தவறுமாக இரண்டு வாக்கியம் கொரியனில் பேசியதும், தங்கள் ஆங்கிலமும் அவ்வளவு மோசமில்லை என்று அவர்களுக்குத் தைரியம் வந்துவிடும்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு. ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் நேரத்தில் நாடு முழுவதும் விமானங்கள் ஏறி இறங்குவதையே நிறுத்துவார்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்கும் பாடத்தின் கனம் அன்று தெரியும்.

ஹாக்வொனில் துணைக்கு ஆசிரியர் இருக்க மாட்டார். அங்கே முக்கியம் பெற்றோரின் மனநிறைவு, அதற்கேற்ற மாதாந்திரக் குறிப்புகள் எழுத வேண்டிவரும்.

சாப்பாடு

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை, பள்ளி மதியச் சாப்பாடு நன்றாகவே இருக்கும். சைவர்களுக்குச் சிரமம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘கோகி ப்பே ஜுசெயோ’, இறைச்சி எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று சொன்னால் மேலே தெரியும் துண்டுகளை எடுப்பார்கள். சூப்பில் நெத்தலி வேகவைத்த நீரும், கிம்ச்சியில் மீன் ஊறலும் அப்படியே இருக்கும். அவர்களுடைய கணக்கில் அவை இறைச்சி இல்லை. பள்ளியில் சோறும் ஒன்றிரண்டு கீரைக் கறியும் நிச்சயம் கிடைக்கும், கூட ஒரு டப்பா எடுத்துப் போவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பருப்பு, பாஸ்மதி, மசாலாவுக்குச் சியோலில் இதேவொன், அன்சான் நகரில் வொன்கொக்-தொங், தெற்கே கிம்ஹே. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறைந்த இடங்களில் தெற்காசியக் கடைகள் இருக்கும். ஆன்லைனிலும் வாங்கலாம், பெயர்ச் சோதனை தேறியிருந்தால். ஒட்டும் கொரிய அரிசியில் தயிர்ச்சாதம் பிரமாதமாக வரும்.

மருத்துவமும் உதவி எண்களும்

சின்ன நோய்க்கு நேரே தெருமுனைக் கிளினிக்குக்குப் போகலாம், முன்பதிவு தேவையில்லை. அட்டையை நீட்டி, ‘யொகிகா அபாயோ’ என்று வலிக்கும் இடத்தைக் காட்டினால் போதும். காப்பீடு இருந்தால் செலவும் குறைவு. அவசரத்துக்கு 119, போலீஸுக்கு 112. விசாச் சந்தேகங்களுக்கு 1345, பல மொழிகளில் பேசுவார்கள். சம்பளம், தேஜிக்கும் தராமல் இழுத்தால் தொழிலாளர் அமைச்சகத்தின் எண் 1350.

வகுப்பில் சேர்வது

இரண்டாவது மாதத்தில், அட்டை வந்ததும், நீதி அமைச்சகம் நடத்தும், வெளிநாட்டவருக்குக் கொரியன் சொல்லித்தரும் சமூக ஒருங்கிணைப்புத் திட்டத்தில் பதியுங்கள். 0 முதல் 5 வரை நிலைகள். தொடக்க நிலை 15 மணி நேரம், 1 முதல் 4 வரை ஒவ்வொன்றும் 100 மணி நேரம். முன்தேர்வு எழுதினால் உங்களுக்கு ஏற்ற நிலையில் போடுவார்கள். ஹங்குலும் நாலு வாக்கியமும் தெரிந்துகொண்டே முன்தேர்வுக்குப் போங்கள், அடிமட்டத்தில் உட்கார்ந்து நேரம் போக்க வேண்டாம். பின்னால், புள்ளிக் கணக்கில் தரும் வசிப்பு விசாவான எஃப்-2க்கு மாற நினைத்தால், கொரிய மொழித் தேர்ச்சிக்குப் புள்ளிகள் உண்டு. அந்த விசா கிடைத்தால் முதலாளியோடு கட்டிப்போட்ட கயிறு அறுந்துவிடும்.

டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வை முதல் வருஷத்துக் கடைசியில் எழுதிப் பாருங்கள். முதல் பகுதிக்கு மொத்தம் 200 மதிப்பெண், 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. அந்தப் பகுதியில் கேட்பதும் வாசிப்பதும் மட்டும்தான். சென்னையில் இருந்து வருகிறவர்கள் அங்குள்ள இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் கொஞ்சம் படித்துவிட்டே வரலாம். மற்றவர்களுக்கு, வெளிநாட்டவருக்குக் கொரியன் கற்பிக்கும் சேஜொங் நிறுவனத்தின் இணையப் பாடங்கள் இருக்கின்றன.

ஹாக்வொனில் இரவு வரை வேலை என்றால் வார இறுதி வகுப்போ இணைய வகுப்போதான் கைகொடுக்கும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு தொடங்கும் தேதியைக் காலண்டரில் குறித்து, காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். அந்தப் பதிவுத் தளத்திலும் பெயரை அட்டையில் உள்ளபடியே போட வேண்டும்.